இரும்புக்கு வாடகை

இசக்கியம்மாள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று கம்பெனிக்குக் கட்டவேண்டிய பாக்கி முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினாறு ரூபாய். அவள் நகை அடகு வைக்கவில்லை. சீட்டு எடுத்துவிட்டு ஓடவில்லை. யாருக்கும் ஜாமீன் நிற்கவில்லை. சப்பாத்தி தின்றாள், அவ்வளவுதான். தின்ற சப்பாத்தியிலிருந்து ரத்தத்தில் ஏறிய இரும்புக்கு அது வாடகை.

வாடகை என்றால் வாடகையேதான். கல்யாண வீட்டுக்கு அண்டா எடுத்தால் கொடுக்கிறோமே, அது மாதிரி. அண்டாவையாவது மறுநாள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அந்தக் கோதுமைக்கு அமுதமணி என்று பெயர். துரு நோய் அண்டாது, பூஞ்சை தொடாது, மற்றக் கோதுமையைவிட நாலு மடங்கு இரும்பு. வளரும் நாடுகளின் ஏழைகளுக்காகவே வெளிநாட்டில் யாரோ கண் முழித்து உண்டாக்கியது என்று சொன்னார்கள். நம்முடைய நாடு அந்தப் பட்டியலில் இருந்தது. இசக்கியம்மாளின் அப்பா தூமலைத் தேயிலை எஸ்டேட்டுக்குக் கூலியாக மலையேறி வந்தபோதும் அது வளரும் நாடுதான். இத்தனை காலம் வளர்ந்தும் இன்னும் வாசல் நிலையில் தலை இடிக்கவில்லை.

ரேஷனில் அரிசியை நிறுத்திவிட்டு அமுதமணியைக் கொடுக்கப்போகிறார்கள் என்று சொல்ல, அந்தக் கோதுமைக்கு உரிமை வைத்திருந்த கம்பெனி ஒரு பையனை அனுப்பியது. ப்ரணவ் என்று பேர். கோயம்புத்தூர்ப் பையன், நல்ல சட்டை. இலை நிறுக்கும் கொட்டகையில் எல்லாரையும் உட்கார வைத்தான்.

“கோதுமை முழுக்க இலவசம்,” என்றான்.

பெண்கள் கை தட்டினார்கள்.

“அதுல இருக்கற இரும்புக்கு மட்டும் சின்னதா ஒரு மாச வாடகை.”

தட்டிய கைகள் தட்டிய இடத்திலேயே நின்றன.

“ஏன் சார்,” என்றாள் இசக்கியம்மாள், “மண்ணு நம்ம மண்ணுதானே? அப்ப மண்ணுக்குள்ள இருக்க இரும்பும் நம்மளுதுதானே?”

“இரும்பு உங்களுதுதாம்மா. யார் இல்லேன்னா? அது மண்ணுல இருந்து கோதுமைக்குள்ள ஏறி வருது பாருங்க, அந்த ஏணி எங்க கம்பெனியோடது.”

“அப்படின்னா ஏறுனதுக்கு ஒரு தடவ காசு வாங்கிட்டுப் போவ வேண்டியதுதானே. மாசாமாசம் எதுக்கு?”

“உங்க உடம்புல இருக்கற வரைக்கும் அது வேலை செஞ்சுட்டேதானம்மா இருக்கு? மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்காம ஏறுறீங்க. ரெண்டு கிலோ இலை கூட பறிக்கறீங்க.”

“கூட பறிச்ச இலையில லாபம் எஸ்டேட்டுக்குல்லா?”

“அது உங்களுக்கும் எஸ்டேட்டுக்கும் உள்ள விஷயம்மா. அதுல எல்லாம் கம்பெனி தலையிடாது.”

ரொம்ப ஒழுக்கமான கம்பெனி.

பிறகு தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவியைக் காட்டினான். அமுதமணியில் வரும் இரும்புக்கு மட்டும் ஒரு வால் உண்டாம். கட்டைவிரலைக் கருவிக்குள் வைத்தால் உள்ளே வெளிச்சம் அடித்து வாலை எண்ணிவிடுமாம். முருங்கைக்கீரையில் வந்த இரும்புக்கும் ஆட்டு ஈரலில் வந்த இரும்புக்கும் வால் கிடையாது, அதற்கு வாடகையும் கிடையாது. ஈரல் தின்ன வசதியிருந்தால் யார் இந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பார்கள் என்று அவன் கேட்கவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். “மாசம் ஒருக்கா எங்களுக்குக் கொஞ்சம் போயிருமே சார். அது கழிச்சுக்கிடலாமா?”

ப்ரணவின் காது சிவந்தது. கையிலிருந்த தொடுதிரைப் பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்தான். “கழிக்க முடியாதுங்க. அது கம்பெனிச் சொத்துக்குச் சேதாரம்னு வருது. தனியா போடுவாங்க.”

“ஆம்பளைங்களுக்கு?”

“அவங்களுக்குச் சேதாரம் வராதே.”

ஆண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இசக்கியம்மாளுக்கு ஐம்பத்தாறு வயது. அந்தத் தொந்தரவெல்லாம் நின்று வருடங்களாகிவிட்டன. நல்லவேளை, தப்பித்தோம் என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. மூன்று மாதம் கோதுமை வாங்காத கார்டு ரத்து.

அடுத்த வாரமே எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ் ஸ்டெல்லா கூலிக்காரர்கள் குடியிருக்கும் லைன் லைனாக வந்து, “சாப்பாட்டோட கட்டஞ்சாயா குடிக்காதீங்க. குடிச்சா இரும்பு ரத்தத்துல ஒட்டாது,” என்று சொல்லிப் போனாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். லைன் வீடுகளில் அதன் பின்பாதி மட்டும் விழுந்தது. அதற்குப் பிறகு தூமலையில் பால் ஊற்றாத சாயா ஓடிய ஓட்டம் எந்த ஓடையிலும் ஓடியதில்லை. சாயாத்தூள் எஸ்டேட்டே மாதாமாதம் இனாமாகக் கொடுப்பது. ஒரு வாய் சப்பாத்தி, ஒரு மடக்குச் சாயா. மாதக் கடைசியில் கருவிக்குள் விரலை வைத்தால் வால் ஒன்றும் இரண்டும்தான் இருக்கும். ரத்தம் இல்லாமல் இருப்பது எவ்வளவு சிக்கனமான காரியம் என்று அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

மிஞ்சிய கோதுமையைக் கோழிக்குப் போட்டார்கள். கோழிக்குக் கட்டைவிரல் இல்லாததால் அதன் கணக்கைக் கம்பெனியால் பார்க்க முடியவில்லை. கோழி தின்றது பாதி, கிளறியது பாதி. கிளறியது லைன் வீடுகளுக்குப் பின்னால் முளைத்தது. மூடுபனி, தூறல், குளிர். அறுக்க ஆளில்லை, உழ ஆளில்லை. கோடையிலும் பச்சையாகவே நின்றது.

இசக்கியம்மாளும் சாயா குடித்தே வண்டியை ஓட்டியிருப்பாள். முப்பத்தொன்பது வருடம் இலை பறித்ததற்கு ஓய்வு பெறும்போது வரவேண்டிய கிராஜுவிட்டி ஒன்று இருந்தது. கட்டாமல் சேர்ந்த இரும்பு வாடகையை அதில்தான் பிடிப்பார்கள். ஓய்வு பெற்றால் லைன் வீட்டைக் காலி செய்யவேண்டும். கீழே பொள்ளாச்சிப் பக்கம் இரண்டு சென்ட் இடத்துக்குப் பேசி வைத்திருந்தாள். அந்தக் காசு முழுசாகக் கைக்கு வந்தால் தகரம் போட்ட ஒரு அறையாவது எழும்பும். வராவிட்டால் மலையிலும் இடமில்லை, கீழேயும் இடமில்லை. புருஷன் போய்ச் சேர்ந்து ஏழு வருடமாகிறது. கேட்க ஆளுமில்லை.

அந்த நேரம் பார்த்துத் திருப்பூரிலிருந்து மகள் சந்தனமாரி வந்து இறங்கினாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். ஏழாம் மாதம் வளையல் போட்டு, பெண் வீட்டார் போய்த்தான் அழைத்து வருவார்கள். சந்தனமாரியின் மாமியார் நாலாம் மாதமே வளையலைப் போட்டு, பஸ்ஸும் ஏற்றி அனுப்பிவிட்டாள்.

“மலையில காத்து நல்லாருக்கும்னு அனுப்புனேன் மதினி,” என்று போனில் சொன்னாள்.

காத்தா? யார் வீட்டுக் கார்டில் சாப்பிடுகிறாளோ அந்தக் கார்டில்தான் இரும்பு வாடகை ஏறும். திருப்பூரிலும் அமுதமணிதான்.

நர்ஸ் ஸ்டெல்லா சந்தனமாரியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். விரலில் குத்திப் பார்த்தாள். முகம் மாறியது.

“ரத்தம் ஆறரைதான் இருக்கு இசக்கியக்கா. பதினொண்ணு வேணும். இப்படியே போனா பிரசவத்துல தாங்க மாட்டா. நான் டவுனுக்கு அனுப்புவேன், டவுனு கீழ அனுப்பும், கொண்டை ஊசி வளைவு இறங்கி முடியறதுக்குள்ள...”

“சத்து மாத்திரை குடும்மா.”

“மாத்திரை வர்றது நின்னு போச்சுக்கா. அதான் கோதுமையிலேயே இருக்கேன்னு மேல சொல்லிட்டாங்க.”

அன்றிலிருந்து இசக்கியம்மாள் அமுதமணியைத் தோசையாகச் சுட்டாள், களியாகக் கிண்டினாள், கஞ்சியாகக் காய்ச்சினாள். காலையில் வேலைக்குப் போகுமுன் மகளுக்கு எதிரில் உட்கார்ந்து தட்டு காலியாகும்வரை எழுந்திருக்க மாட்டாள். மாதக் கடைசியில் சந்தனமாரி விரலை வைத்தாள். வாடகை ஏறவே இல்லை. இசக்கியம்மாளுக்குச் சந்தோஷம். அடுத்த மாதமும் ஏறவில்லை. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு பாதி மேடு ஏறியபோதுதான் அவளுக்கு உறைத்தது. வாடகை ஏறவில்லையென்றால் ரத்தமும் ஏறவில்லை.

கூடையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள். சந்தனமாரி அடுப்புக்குப் பக்கத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தட்டு காலி. கையில் ஒரு செம்பு. மருந்து குடிக்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தாள். சாயா கன்னங்கரேல் என்று இருந்தது.

“ஏட்டி, என்னட்டி குடிக்கே?”

“சாயாதான்.”

“தின்ன கையோடவா? நர்சம்மா என்ன சொன்னா?”

“ஒட்டாதுன்னு சொன்னா. அதுக்குத்தான் குடிக்கேன்.”

“ஒனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா?”

“எனக்கா புடிச்சிருக்கு?” சந்தனமாரி செம்பைக் கீழே வைக்கவில்லை. “எனக்கு ஏறுத ஒவ்வொரு பொட்டு ரத்தமும் ஒன் கணக்குலல்லா ஏறுது. அட்டைக்கடி வாங்கி, மழையில நனைஞ்சு சேத்த காசு. அதை நான் சப்பாத்தியா தின்னு தீக்கவா? நான் வெளுத்துப்போய்க் கெடந்தாத்தாம்மா ஒனக்கு லாபம்.”

இசக்கியம்மாள் திட்டவில்லை. அடிக்கவும் கை ஓங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து செம்பைப் பிடுங்கி, மிச்சமிருந்த சாயாவை ஒரே மூச்சில் தானே குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“எனக்கு ஏறக் கூடாது. ஒனக்கு ஏறணும். வீட்டுக்கு ஒரு கஞ்சப் பிசினாறி போதும்.”

சந்தனமாரி அழுதாள். பிறகு இருவரும் சிரித்தார்கள்.

அடுத்த மாதம் பில் ஏறியது. அதற்கடுத்த மாதம் தாவி ஏறியது. கொட்டகையில் பில்லைப் பார்த்துச் சிரித்த முதல் மனுஷி இசக்கியம்மாள்தான். இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பக்கத்து லைன்காரிகள் பேசிக்கொண்டார்கள். ப்ரணவ் அவள் சிரிப்பைப் படம் எடுத்துக் கம்பெனிக் காலண்டரில் போட்டான். அடியில் ‘ஊட்டம் பெற்ற தாய்’ என்று எழுத்து. சாயா குடித்துக் குடித்து அவளுக்கு உள்ளங்கை வெளுத்திருந்தது படத்தில் விழவில்லை.

எஸ்டேட் ஆஸ்பத்திரியிலேயே சுகப்பிரசவம். பெண் குழந்தை. சந்தனமாரி எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள். நர்ஸ் ஸ்டெல்லாவுக்கே கண் கலங்கிவிட்டது.

ஐந்தாம் நாள் ப்ரணவ் ஒரு கிலுகிலுப்பையோடு வந்தான். கிலுகிலுப்பையைக் கொடுத்துவிட்டுக் கருவியை எடுத்தான்.

“எதுக்கு சார்?”

“தாய்கிட்ட இருந்து பிள்ளைக்குக் கொஞ்சம் இரும்பு போயிருக்கும்மா. பெயர்வுக் கட்டணம்னு ஒண்ணு இருக்கு.”

“அதுக்கு இன்னும் கண்ணே சரியா தெரியலையே சார்.”

“சிஸ்டம் கேக்குதும்மா. நான் என்ன பண்ண?”

குழந்தையின் கட்டைவிரல் கருவிக்குப் போதவில்லை. கால் பெருவிரலை வைத்துப் பார்த்தான். பிறந்த ஐந்தாம் நாள் குழந்தைக்குப் பேர் வைக்கவில்லை, கடன் வைத்தாயிற்று.

ஓய்வு பெற்ற அன்று இசக்கியம்மாளுக்கு ஒரு சால்வை போட்டார்கள். கிராஜுவிட்டி எங்கே என்றால், கம்பெனியிடமிருந்து பாக்கி இல்லை என்று சீட்டு வாங்கி வா என்றார்கள். எஸ்டேட்டுக்கும் கம்பெனிக்கும் அப்படி ஒரு ஒப்பந்தமாம். அவள் ப்ரணவைத் தேடிப் போனாள்.

“முப்பத்தெட்டாயிரத்து நானூத்திப் பதினாறுதானே சார். அதைப் புடிச்சிக்கிட்டு மீதியைத் தரச் சொல்லுங்க.”

“பிடிக்கலாம்மா. ஆனா உங்க மூணு பேர் உடம்புலயும் எங்க இரும்பு இன்னும் இருக்கே. அது இருக்கற வரைக்கும் வாடகை ஓடும். ஓடற மீட்டருக்குப் பாக்கி இல்லேன்னு எப்படிம்மா எழுதறது?”

“எப்ப தீரும்?”

“உங்க வயசுல அது வெளிய போறதுக்கு வழியே கம்மிம்மா.”

இசக்கியம்மாள் சால்வையோடு வீடு திரும்பினாள். இந்த மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி எஸ்டேட்டிலிருந்து ஆள் வந்தது. பொள்ளாச்சி இடத்துக்காரர் வேறு ஆள் பார்க்கட்டுமா என்று போன் செய்தார். அவள் இருவருக்கும் ஒரே பதில் சொன்னாள். கொஞ்சம் பொறுங்க.

அந்த மாதம் பில் வரவில்லை.

வடக்கே சமவெளியில் எங்கு பார்த்தாலும் அமுதமணிதான் போட்டிருந்தார்கள். நோய் வராத கோதுமை இருக்கும்போது வேறு கோதுமை எதற்கு? அத்தனை வயலும் ஒரே சீசனில் செங்கல் நிறமாகிவிட்டது. நடந்து போனவர்கள் வேட்டியில் செம்பொடி ஒட்டியது. அமுதமணியைத் தின்னத் தெரிந்த புது ஜாதித் துரு. அதற்குத் தின்ன அமுதமணியைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதால் அது அமுதமணியைத் தின்றது.

ப்ரணவ் சம்பளம் நின்று போய், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து யாரிடமென்றில்லாமல் சொன்னான். “துரு ஒரே நாள்ல பழகாது. பச்சைக் கோதுமையிலதான் அது உயிர் வாழும். கோடையில எங்கயும் பச்சை இருக்காது, அதனால வருஷா வருஷம் பாதி செத்துடும். எங்கேயோ ஒரு குளிர்ந்த இடத்துல அறுக்காம வருஷம் பூரா அமுதமணி நின்னிருக்கு. அதுல உக்காந்து உக்காந்து கத்துக்கிருச்சு. அந்த இடம் எங்கன்னுதான் விஞ்ஞானிகளுக்குப் பிடிபடல.”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லைன் வீடுகளுக்குப் பின்னால் இடுப்பளவு நின்ற கோதுமைக்குள் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. அவற்றின் காலெல்லாம் செம்பொடி.

கம்பெனி திவாலானது. கட்டடம், கார், நாற்காலி எல்லாம் ஏலம் போயிற்று. கடைசியில் ஒரு இனத்தைக் கேட்க ஆளில்லை. ‘இரும்பு, மூன்று டன், இருக்கும் இடத்திலேயே வந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.’ தூத்துக்குடிப் பழைய இரும்பு வியாபாரி பால்துரை அதற்கு மேல் படிக்காமல் கேட்டுவிட்டார்.

லாரி, காந்தம், சுமை தூக்க நாலு ஆள் சகிதம் அவர் தூமலைக்கு வந்தார். வழி காட்டத் தினக்கூலிக்கு அமர்த்தியது ப்ரணவை. முதல் வீடு, பொறுங்க பொறுங்க என்றே இன்னும் காலி செய்யாமலிருந்த இசக்கியம்மாள் வீடு.

“எங்கம்மா இரும்பு?” என்றார் பால்துரை.

இசக்கியம்மாள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். பிறகு மகளை. பிறகு மகள் மடியில் கிடந்ததை.

பால்துரை ப்ரணவைப் பார்த்தார். “என்னவே தம்பி, வெளையாடுதியா?”

“பேப்பர்ல அப்படித்தான் சார் இருக்கு. இவங்க உடம்புல இருக்கற இரும்பு இப்போ உங்களோடது. வாடகை வாங்கலாம், ஆனா வாலை எண்ணற கருவி எல்லாம் நின்னு போச்சு.”

“வாடகை மயிரு யாருக்குவே வேணும்? நான் எடைக்கு எடுத்து எடைக்கு விக்கவன். ஒரு ஆளுக்கு எத்தன கிலோ தேறும்?”

“நாலு கிராம் சார்.”

“நாலு?”

“கிராம். ஒரு ஆணி அளவு.”

பால்துரை அங்கேயே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். சந்தனமாரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தார். லாரி வாடகையை மனதுக்குள் கணக்குப் பார்ப்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

இசக்கியம்மாள் அவருக்கு எதிரில் குந்தினாள்.

“அண்ணாச்சி, நீங்க வாங்குனது இரும்புதானே?”

“அந்தக் கொடுமைதான் தாயி.”

“ஒங்க இரும்பை நிறுத்துக் குடுத்துட்டா, பாக்கி இல்லைன்னு எழுதித் தருவீங்களா?”

பால்துரை யோசித்தார். “எனக்கு எந்த இரும்பா இருந்தா என்ன? இரும்பு இரும்புதான். குடு.”

“சார், வால் இருக்கற இரும்புதான்...” என்று ப்ரணவ் ஆரம்பித்தான்.

“நீ சும்மா கெடவே.”

வீடுதான் காலியாகப் போகிறதே. இசக்கியம்மாள் சுவரில் துணி மாட்டுகிற ஆணி ஒன்றை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். காரையோடு வந்தது. பால்துரை சின்னத் தராசில் வைத்தார்.

“ஆறு கிராம். கூடவே இருக்கு.”

“வச்சுக்கிடுங்க. நானும் எஸ்டேட்டுக்காரனுக்கு இலை கூடத்தான் குடுத்தேன்.”

மகளுக்கு இன்னொரு ஆணி. அதுவும் எடைக்கு நின்றது. பால்துரை பேப்பரைப் பார்த்தார். “மூணு பேருன்னு போட்டிருக்கே. இந்தக் குட்டிக்கு எவ்வளவுவே?”

“கால் கிராம் சார்,” என்றான் ப்ரணவ், தரையைப் பார்த்துக்கொண்டு.

சந்தனமாரி தாலிக் கயிற்றில் கோத்திருந்த ஊக்குகளில் ஆகச் சின்னதாக ஒன்றைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். பால்துரை அதை நிறுக்கவில்லை. பேனாவைத் திறந்து மூன்று பேருக்கும் பாக்கி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். சுமைக்காரன் சாக்கை விரித்துப் பிடித்தான். இரண்டு ஆணியும் ஒரு ஊக்கும் உள்ளே போயின. முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினாறு ரூபாய். விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.